மொத்த கம்பெனிக்கும் அப்பாவை மாற்றியவன்

மௌஸைத் தொடாமல் கட்டளைகளை டைப் செய்தே கம்ப்யூட்டரை வேலை வாங்கத் தெரிந்துகொண்டவன், அன்றிலிருந்து மௌஸ் பிடிக்கிற மனிதர்களைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவான். எனக்கு அந்த வியாதி இருபத்தாறு வயதில் வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மினுக்மினுக்கென்று ஒரு கோடு. யாராவது அறைக்குள் வந்தால் தேவையே இல்லாமல் இரண்டு கட்டளை தட்டி எண்டர் அடிப்பேன். (அதில் ஒன்று, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கிற கட்டளை.) வந்தவர் பயபக்தியோடு நின்று பார்த்துவிட்டு, பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதாகச் சொல்வார்.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஐ.டி. பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு ஏ.சி.யும். கம்பெனியில் கம்ப்யூட்டர் பக்கம் வருகிற முன்னூற்றுச் சொச்சம் பேரின் பெயர், பிரிவு, மெயில் எல்லாம் டைரக்டரி என்கிற ஒரே இடத்தில் பதிவாகியிருக்கும். அங்கே ஒருவர் பெயரை மாற்றினால் மெயிலில் உடனே மாறும். மறுநாள் காலைக்குள் கேட்டில் இருக்கிற வருகைப்பதிவு மெஷினிலும் மாறிவிடும். அந்த மெஷினுக்கு முகத்தைக் காட்டினால் போதும், பக்கத்திலிருக்கும் பெரிய டி.வி.யில் 'வெல்கம்' போட்டு நம் பெயரைக் கொட்டை எழுத்தில் காட்டும். ரோட்டில் போகிற லாரி டிரைவர்கூடப் படிக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா தனபால் எங்கள் கம்பெனியிலேயே தோல் ஸ்டோர் இன்சார்ஜ், வாணியம்பாடிக்காரர். ஒருநாள் அவருக்கு பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கப் போனபோது, "எந்த ஊரு தம்பி, அப்பா இன்னா பண்றாரு, கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு" என்று விசாரித்தார். நாட்றம்பள்ளி, டிராக்டர் மெக்கானிக், யாருமில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நான் பாஸ்வேர்டில் கவனமாக இருந்தேன். அடுத்த வாரம் ஜாதகம் வந்தது. பவித்ராவைப் போய்ப் பார்த்தோம். எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், திரும்பி வரும்போது பஸ் நாட்றம்பள்ளியில் நின்றது, அப்பா இறங்கினார், நான் பர்கூர் வரைக்கும் போய்விட்டேன். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். (அவள் வாயால் இன்றுவரை சொல்லவில்லை.) வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. தனபாலை நான் 'சார்' என்பதிலிருந்து 'மாமா' என்பதற்கு மாற்றிக்கொண்டிருந்த வாரம் அது.

அதற்கு முந்தின புதன்கிழமை ஹெச்.ஆர். மேனேஜர் ஜுபேர் பாய் என் அறைக்கு வந்தார். ஜெர்மனியில் எங்கள் ஷூவை வாங்குகிறவர்கள் புதிதாக ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதில் எல்லாருக்கும் கடைசிப் பெயர் இருந்தே ஆக வேண்டுமாம். எங்கள் பக்கம் ஏது கடைசிப் பெயர்? முனிரத்தினம் மகன் தனசேகர் என்றால் எம். தனசேகர். அப்பாவை ஓர் எழுத்தில் அடக்கி முன்னால் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம். ஜெர்மனிக்காரருக்கு அந்த ஓர் எழுத்து போதவில்லை.

"அப்பா பேரயே பின்னாடி போட்டுடு தனசேகர். லிஸ்ட் மெயில்ல அனுப்பிக்கிறேன்," என்றார் ஜுபேர் பாய். "ஒவ்வொருத்தர் பேரா போட்டா ஒரு வாரம் பேஜார்தான்."

"அஞ்சு நிமிஷம் பாய்," என்றேன். அப்படிச் சொல்லும்போது நாற்காலியில் லேசாகச் சாய்ந்துகொண்டதாகக்கூட ஞாபகம்.

லிஸ்ட் எக்ஸெல்லில் இருந்தது. ஒரு பக்கம் பெயர், பக்கத்தில் அப்பா பெயர். எல்லாரும் ஆங்கில அகரவரிசையில் இருந்தார்கள், முதலாளியைத் தவிர. முதலாளியை யார் வரிசையில் நிற்கவைப்பது? அஜீஸ் பாய் என்று தலைப்பில் தனியாக வைத்திருந்தார்கள். அவருக்கு நேரே அப்பா பெயர் காலியாக இருந்தது. "உங்க அப்பா பேரு இன்னா சார்" என்று முதலாளியிடம் போய்க் கேட்க ஜுபேர் பாய்க்குத் தைரியமில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஜுபேர் பாயிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. எங்கள் கம்பெனியில் மரியாதை இப்படித்தான் மேலிருந்து கீழே இறங்கும்.

சரி, முதலாளியின் வரியை மட்டும் எடுத்துவிடுவோம், அவரை அப்புறம் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் காலிக் கட்டத்தின் மேல் மௌஸை வைத்து டெலிட் கொடுத்தேன். எக்ஸெல் ஏதோ கேட்டது. அது எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். ஓகே கொடுத்தேன்.

நடந்தது இதுதான். முதலாளியின் வரி போகவில்லை. அந்த ஒற்றைக் கட்டம் மட்டும் போய், அதன் கீழே இருந்த அப்பாக்கள் அத்தனை பேரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவருக்கு அடுத்த வரியில் இருந்தவரின் அப்பா. சாம்பிள் ரூம் டிசைனர் ஆல்பர்ட்டின் அப்பா ஆரோக்கியசாமி, முதலாளி அஜீஸ் பாய்க்குப் போய்விட்டார். அன்வரின் அப்பா முகமது யூசுப், ஆல்பர்ட்டுக்கு. இப்படியே கடைசிவரை. மௌஸில் செய்கிற வேலை என்பதால் நான் அதற்கு மரியாதை கொடுத்துத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பார்வை கறுப்புத் திரைக்குப் போய்விட்டது.

அங்கே இரண்டு வரிக் கட்டளை. இந்த லிஸ்டை எடு, ஒவ்வொரு வரியாகப் படி, அந்த ஆளைத் தேடு, பெயரை மாற்று. அதன் வாலில் 'வாட் இஃப்' என்று சேர்த்தால், எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று நினைத்திருந்தேன். பழைய பெயர்களை ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கலாம். அதுவரைக்கும் என் நாட்றம்பள்ளி பஸ் நிற்காது.

எண்டர் அடித்தேன். பெயர்கள் மளமளவென்று ஓடின. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வரி. லிஸ்டில் கடைசி ஆளான ஜுபேர் பாய்க்கு மட்டும் அப்பா பெயர் காலியாக இருப்பதால் மாற்ற முடியவில்லை என்றது. (அவர் அப்பாவும் ஒரு படி மேலே ஏறிப் போயிருந்தாரே.) முன்னூறு பேரில் ஒருவர்தானே, நாளைக்குப் பார்ப்போம் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் கட்டளை தோற்றுப்போன அந்த ஒரே மனிதர்தான் மறுநாள் காலையில் சொந்த அப்பாவோடு இருந்தார்.

வியாழக்கிழமை காலையில் நான் போனபோது கேட்டில் கும்பல். செக்யூரிட்டி மணி என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"ஒவ்வொருத்தனும் ரெண்டு வாட்டி மூஞ்சிய காட்றான் சார். மறுபடி காட்டினா அப்பா மாறுவாரான்னு பாக்கறாங்க. லைன் நவரவே மாட்டேங்குது."

கும்பலுக்குள்ளிருந்து ஆல்பர்ட் வந்து என் தோளில் கை போட்டார். "தனசேகரு, நான் இப்ப ஆல்பர்ட் முகமது யூசுப். கிறிஸ்மஸுக்கு லீவ் போடணுமா, ரம்ஜானுக்கா?"

"ரெண்டுக்கும் போடு," என்றார் பக்கத்திலிருந்த அன்வர். "எங்கப்பாவ நல்லா பாத்துக்க. சுகர் இருக்குது, இனிப்பு கம்மியா குடு."

எனக்கு இன்னும் சங்கதி முழுதாகப் புரியவில்லை. மெஷின் முன்னால் போய் முகத்தைக் காட்டினேன். 'வெல்கம் தனசேகர் கவுஸ் பாஷா' என்றது. லிஸ்டில் எனக்குக் கீழே இருந்த தில்ஷாத்தின் அப்பா. அந்த நொடியில் எக்ஸெல், டெலிட், ஓகே எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. லிஸ்டில் தனசேகருக்கு மேல் வரியில் இருந்தவர் தனபால். அப்படியென்றால் என் அப்பா அவரிடம் போயிருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு அவர்தான் நின்றிருந்தார். தள்ளி நிறுத்த வழி யோசிப்பதற்குள் மெஷின் அவர் முகத்தைப் பிடித்துவிட்டது.

'வெல்கம் தனபால் முனிரத்தினம்.'

எங்கள் கல்யாணப் பேச்சு எல்லாருக்கும் தெரியும். ஆல்பர்ட்தான் கணக்கைப் போட்டு முடித்தார்.

"முனிரத்தினம் உங்கப்பா பேராச்சே. அப்ப ஸ்டோர்காரரு உனக்கு அண்ணன். அண்ணன் பொண்ண எப்பிட்றா கட்டுவ?"

கேட்டில் இருந்த கும்பலே சிரித்தது. எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டலாம், மாமன் மகளைக் கட்டலாம். அண்ணன் மகள் என்றால் நம் மகள் மாதிரி, பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லக் கூடாது. தனபால் சிரிக்கவில்லை. டி.வி.யை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கப்பா பேரு இன்னா தெரியுமா?"

"கண்ணப்பன், சார்." மாமா என்று வாய் வரவில்லை.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

லிஸ்டை மனதுக்குள் ஓட்டினேன். தனபாலுக்கு மேல் வரி, ஃபினிஷிங் பிரிவு டேவிட். ஸ்டோரில் தோல் குறைந்த விவகாரத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பதில் அவருக்கே தெரிந்திருந்தது.

"அவருக்கு கொள்ளி வெச்சது நானு. அவர தூக்கி அவங்கிட்ட குடுத்துட்ட. பசங்க ஸ்டோர் வாசல்ல நின்னுகினு, மொறை தப்புதுன்னு சிரிக்கிறாங்க. எம் பொண்ணு பேர இழுக்கிறாங்க."

"சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிட்றேன் சார்."

"பண்ணு. ஞாயித்துக்கெழம வர வேணாம்னு வூட்ல சொல்லிடு. அப்புறம் பாக்கலாம்."

கல்யாணப் பேச்சில் 'அப்புறம் பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் போன பிறகு அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. பவித்ராவின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் செய்து என்னவென்று சொல்வது? உன் அப்பாவை நான் அண்ணனாக்கிவிட்டேன் என்றா?

அதற்குள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"ஆரோக்கியசாமி யாருப்பா?" என்றார் அஜீஸ் பாய்.

"ஆல்பர்ட்டோட அப்பா, சார்."

"ஜெர்மனிலேந்து டியர் மிஸ்டர் ஆரோக்கியசாமின்னு மெயிலு மேல மெயிலு வருது. எவனோ ஏமாத்தறான்னு நெனச்சி நானும் டெலிட் பண்ணிக்கினே இருக்கேன். எங்க அப்பா பேரு தெரியாதா உனக்கு?"

"தெரியாது சார்."

"கேட்டிருக்கலாமே."

"பயம் சார்."

"ஜுபேரு கேட்டிருக்கலாமே."

"அவருக்கும் பயம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பேரு கேட்டா கடிச்சிடுவேனா? உஸ்மான்," என்றார். "எழுதிக்க. இந்த வாட்டி ஓட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டிட்டு ஓட்டு."

இவ்வளவு கலவரமும் இந்த நாலு எழுத்துக்காகத்தானா என்று இருந்தது. ஜுபேர் பாய் அனுப்பிய மெயிலில் லிஸ்ட் அப்படியே பழையபடி இருந்ததால் தப்பித்தேன். முதலாளிக்கு உஸ்மானைப் போட்டு, 'வாட் இஃப்' போட்டு, அவர் ஒவ்வொரு வரியாகத் தலையாட்டிய பிறகு ஓட்டினேன். மெயிலில் எல்லாரும் அவரவர் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். கேட் மெஷின் மட்டும் மறுநாள் காலையில்தான் மாறும். அதனால் அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது தனபால் தலையில் துண்டைப் போட்டு இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைக் காட்டினார். மெஷின் நல்ல மெஷின். துண்டோடும் கண்டுபிடித்து 'தேங்க்யூ தனபால் முனிரத்தினம்' என்றது.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தனபாலுக்கு இன்னா வயசு?"

"அம்பத்தெட்டு இருக்கும்."

"எனக்கு அம்பத்தஞ்சு," என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. ஞாயித்துக்கெழம போலாம்."

"வர வேணாம்னுட்டாருப்பா."

"அது சம்பந்திக்கு சொன்னது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாணியம்பாடியில் அந்த வீட்டு வாசலில் நின்றோம். கதவைத் திறந்த தனபால் எங்களைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். ஆனாலும் வாங்க என்றார். உட்கார்ந்தோம். உள்ளே கறி கொதிக்கிற வாசனை வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டில் டிபன் காபி சாப்பிடலாம், ஆனால் சம்பந்தம் முடிவாகும்வரை சோற்றில் கை நனைக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணு கேட்டு வர்ல தனபாலு. அந்த பேச்சு வேணாம்னுட்ட, சரி. பெரிய பையன் வூட்டுக்கு வந்துக்கிறேன். பசிக்குது. சோறு போட சொல்லு."

தன்னைவிட மூன்று வயது மூத்தவரை, அதுவும் பெண்ணைப் பெற்றவரை, 'நீ' போட்டுப் பேசுகிறார். எனக்கு அப்படியே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. தனபால் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசுல நீங்க எனக்கு சின்னவரு," என்றார் கடைசியில்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? கம்ப்யூட்டர்ல அப்டி வந்துடுச்சி."

"அதான் மாத்திட்டாங்களே."

"மாத்திட்டா, பெத்த பாசம் போய்டுமா?"

சமையலறைக்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது பவித்ரா என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அடுத்து அவள் அம்மா சிரித்தார். தனபால் உதட்டைக் கடித்து எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், தோள் குலுங்கியது, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல போடு. அப்பா பசியில வந்துக்கிறாரு," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

இலை போட்டார்கள். அப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சாப்ட்றா, முடிஞ்சிச்சி," என்றார். குழம்பு ஊற்றுவதற்குள் நான் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் தனபால் அதை என் கையில் கொடுக்கவே இல்லை. இரண்டு பக்கத்து அப்பா பெயர்களையும் அவரே விரல் வைத்துப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினார். கல்யாணத்தன்று போட்டோக்காரரிடம், "மாப்ள வூட்டு ஃபேமிலி போட்டோவுல நானும் நிக்கணும், மூத்த பையன்," என்று சொல்லி அப்பா பக்கத்தில் போய் நின்றார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் நாட்றம்பள்ளி வீட்டுக்கு வந்து, நிலத்தில் தன் பங்கு எங்கே என்று அப்பாவிடம் கேட்பார். அப்பாவும் சலிக்காமல், "உனக்குத்தான் நெலம். சின்னவனுக்கு ஒண்ணும் கெடையாது," என்பார்.

பவித்ரா தன் பங்குக்கு என்னை 'சித்தப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்பாவின் தம்பி வேறு யார்? முதலில் கோபம் வரும்போது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். அப்புறம் கேஸ் தீர்ந்துபோனால், ரேஷனுக்கு ஆள் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் சித்தப்பா. போனிலும் என் நம்பரை அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறாள்.

இப்போது வாணியம்பாடியில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம், எங்கள் மகள் அங்கேயே எல்.கே.ஜி. படிக்கிறாள். காலையில் கொண்டுபோய் விடுவதும் மதியம் கூட்டி வருவதும் அவள் தாத்தா தனபால்தான், ரிட்டயர் ஆகிவிட்டார். போன மாதம் ஒருநாள் எனக்கு லீவு, நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று ஆசையாகப் போனேன். டீச்சர் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. என் நம்பரைக் கேட்டார், சொன்னேன், போனில் தேடினார்.

"இது சித்தப்பா நம்பர்னு இருக்குதே சார். அவங்க அம்மாதான் காண்டாக்ட் அனுப்பிச்சாங்க. பேரன்ட்ஸ், இல்லன்னா அவங்க தாத்தா வந்தாதான் அனுப்புவோம்."

"நான்தான் மேடம் அப்பா."

டீச்சர் நல்லவர். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று என் மகளிடம் குனிந்தார். "பாப்பா, இவரு யாரு?"

வீட்டில் நாள் முழுக்க எதைக் கேட்கிறதோ அதைத்தானே குழந்தை சொல்லும்? "சித்தப்பா," என்றாள் தெளிவாக.

பவித்ரா போனை எடுக்கவில்லை. ஆதார் கார்டு வீட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல் தனபாலுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். அவசரமே இல்லாமல் டி.வி.எஸ்.ஸில் வந்து, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சார், இவரு யாருங்க? பாப்பாவோட அப்பாங்கறாரு," என்றார் டீச்சர்.

தனபால் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை.

"என் கூடப் பொறந்த தம்பிம்மா. அனுப்புங்க, பரவால்ல."

டீச்சர் நோட்டை நீட்டி, குழந்தைக்கு என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். சித்தப்பா என்று எழுதி, பக்கத்தில் எம். தனசேகர் என்று போட்டுக் கொடுத்துவிட்டு, என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.